வைனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

1

"வைனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அன்ரன். நீங்கள் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்."

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். சுவிஸில், வின்டர்தூர் நகரில், என் மகள் அனுஷாவைக் கட்டப்போகிற யோனாஸின் பெற்றோர் வீடு. சொன்னவர் யோனாஸின் தகப்பன் ஊலி. இயந்திரத் தொழிற்சாலையில் முழு ஆயுளும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். உருளைக்கிழங்குச் சட்டியை என் பக்கம் நீட்டியபடி, ஜேர்மன் மொழியில், மிகவும் அன்பாகச் சொன்னார். ஆவணி கடைசியில் கலியாணம். சாப்பாடு எங்கள் பக்கம், வைன் அவர்கள் பக்கம். பேச்சு அதோடு முடிந்தது.

நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். "நல்லது, மிக்க நன்றி" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். மேசைக்குக் கீழே என் மனைவி ரஞ்சி என் காலை மிதித்தாள். அனுஷா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானே என்பீர்கள். பொறுங்கள். நான் இந்த நாட்டில் என்ன வேலை செய்கிறேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மன்னாரில் என் சொந்தக்காரர் எவருக்கும் அதை நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஹோட்டல் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

2

பேர்ண் நகரில், ஆற்றுக்கு மேலே, நாற்பது பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஓர் உணவகம். வந்த புதிதில் எல்லோரையும் போல அங்கே கோப்பை கழுவினேன். கோப்பை கழுவுகிறவனை எவரும் கவனிப்பதில்லை. ஆனால் அவன் கவனிக்கலாம். எந்தச் சாப்பாட்டுத் தட்டோடு எந்த வைன் பாதி குடித்தபடி திரும்பி வருகிறது என்பது முதலாளிக்குத் தெரியாது, சமையல்காரருக்குத் தெரியாது, பரிமாறுகிறவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஏரி மீன் பொரியலோடு கொடுத்த கனத்த வெள்ளை வைன் எப்போதும் மிச்சம் வந்தது. மான் இறைச்சியோடு கொடுத்த ஒரு சிவப்பு, கிளாஸின் அடி தெரிய வழித்துக் குடித்தபடி வந்தது. கழுவுவதற்கு முன் மூக்கடியில் பிடித்து மணந்து பார்ப்பேன். இரண்டு வருடம் இப்படியே மணந்தேன். மூன்றாம் வருடம் முதலாளி அம்மாவிடம் போய், இந்த மீனுக்கு இந்த வைன் சரிவரவில்லை, ஆட்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு மாற்றிப் பார்த்தார். கிளாஸ்கள் வெறுமையாக வரத் தொடங்கின.

அதற்குப் பிறகு படிப்படியாக உணவகத்தின் வைன் நிலவறை என் கைக்கு வந்தது. இப்போது அங்கே இருக்கிற ஒவ்வொரு போத்தலும் நான் தெரிவு செய்தது. பெரிய வியாபாரிகளிடம் நான் வாங்குவதில்லை. அவர்களுடைய வைன் தையிலும் ஒன்றுதான், ஆடியிலும் ஒன்றுதான். நான் பீல் ஏரிக்கரைச் சரிவுகளுக்குப் போகிறேன். கல்லால் கட்டிய சிறு சிறு தட்டுத் தட்டான நிலங்களில் புருசனும் பெண்சாதியுமாகத் திராட்சை வளர்த்து, தங்கள் வீட்டின் கீழேயே வைன் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒரு வருடம் மழை கூடினால் அந்த மழை அந்த வைனில் இருக்கும்.

இது எனக்குப் புதிய பாடம் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆண்பனைக் கள்ளும் பெண்பனைக் கள்ளும் ஒரே ருசியா? ஒரு வாய் குடித்துவிட்டு இது இன்னாருடைய சீவல், முட்டியில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். அவர்களை நாங்கள் குடிகாரர் என்றோம். இங்கே அதே ஆட்களுக்குக் கழுத்தில் வெள்ளிப் பட்டயம் தொங்கவிட்டு நிபுணர் என்கிறார்கள்.

வசந்தத்தில் அஸ்பராகஸ் என்கிற தண்ணீர்விட்டான் தண்டு சந்தைக்கு வரும். அதற்குச் சிவப்பைக் கொடுத்தால் வாயில் இரும்பு ருசிக்கும். பச்சை மணம் உள்ள இளம் வெள்ளைதான் வேண்டும். கோடையில் ஏரி மீனுக்கு நாக்கில் மெல்லச் சுறுக்கென்கிற வெள்ளை. பகல் நீண்டு, ஆட்கள் வெளியே இருந்து சாப்பிடும்போது கௌதாரிக்கண் என்று இவர்கள் பெயர் வைத்த வெளிர்சிவப்பு. இலையுதிர்காலத்தில் மானும் காட்டுப்பன்றியும் வரும், அதற்கு இரண்டு மூன்று வருடம் கிடந்து அடங்கிய சிவப்பு. மாரிக் குளிரில் உருக்கிய சீஸ் தின்றுவிட்டு வயிறு கல்லாக இருக்கிறவனுக்கு மறுபடியும் மெல்லிய வெள்ளை. இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். அறிய இருபது வருடம் எடுத்தது.

சரி, என் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? சமையலறை உதவியாள். இன்றைக்கும் அதுதான். மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டேன். அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். அந்தப் படிப்புக்குள் நுழைய ஜேர்மன் மொழியில் எழுத்துப் பரீட்சை. நாக்குக்குப் பரீட்சை வைத்தால் எவனோடும் இருந்து எழுதுவேன், கைக்கு வைத்தால் என்ன செய்வேன்? பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் அதே சொல். எதிரே இருந்த அதிகாரி, சமையலறை உதவியாள் என்று வாய்விட்டு வாசித்து, என்னைப் பார்த்து இரக்கமாகத் தலையாட்டினார். அவர் அன்று மதியம் எங்கள் உணவகத்தில் சாப்பிட்டிருந்தால் நான் தெரிவு செய்த வைனைத்தான் குடித்திருப்பார்.

போன வருடம் ஒரு வாடிக்கையாளர் மேசைக்கு நான் போத்தலோடு போனேன். ஆள் குறைவான நாட்களில் நானும் பரிமாறுவேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வைன் பற்றித் தெரிந்த ஒருவரை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். நான் உள்ளே போய் எங்கள் இளம் பரிமாறுநரை அனுப்பினேன். அவன் வேலைக்கு வந்து மூன்று வாரம். கதவடியில் நின்று, என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். போய் ஒப்புவித்தான். அந்த மனிதர் மகிழ்ந்துபோய், இப்படித் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் நம்பிக் குடிக்கலாம் என்றாராம்.

இப்போது சொல்லுங்கள். அப்படிப்பட்டவனைப் பார்த்து, அவன் பெற்ற மகளின் கலியாணத்தில், வைனைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்?

3

அப்படியானால் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழையை நான் விட்டேன்.

நான் பெண்ணைப் பெற்றவன். எதிரே இருப்பவர் சம்பந்தி. சம்பந்தி ஒன்று சொன்னால் முதல் வாயில் மறுக்கலாமா? ஓம் என்று சொல்ல வேண்டும். பிறகு அவர்கள், "உங்கட விருப்பம் என்ன, மனசில இருக்கிறதைச் சொல்லுங்கோ" என்று கேட்க வேண்டும். நாங்கள் அப்படி ஒன்றும் இல்லை என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை அவர்கள் வற்புறுத்த, அப்போது மெல்ல மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். எங்கள் கலியாணங்கள் எல்லாம் இப்படித்தானே பேசி முடிகின்றன. முதல் ஓம் வெறும் மரியாதை. அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஊலி கணக்கில் எடுத்துவிட்டார். உருளைக்கிழங்கை வைத்துவிட்டு கோழி இறைச்சியை எடுத்தார். நான் அவர் மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் வாய்க்குள் தயாராக இருந்தது. அவர் மனைவி ரெகுலா பழத்தட்டைக் கொண்டுவந்தார். கோப்பி வந்தது. தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ரயிலடி வரைக்கும் வந்து கையசைத்தார்கள். கேட்கவே இல்லை.

இந்த நாட்டில் ஒருமுறைதான் கேட்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. அகதி முகாமில் முதல் வாரம், இன்னும் கொஞ்சம் போடவா என்று சாப்பாட்டு அம்மா கேட்டார். வயிறு நிறையப் பசி. வேண்டாம் என்று தலையாட்டினேன், அடுத்தமுறை கேட்கும்போது வாங்கலாம் என்று. கரண்டி அடுத்தவன் தட்டுக்குப் போய்விட்டது. அன்று இரவு பசியோடு படுத்தவன் பாடம் படித்திருக்க வேண்டாமா? சாப்பாட்டு விசயத்தில் படித்தேன். சம்பந்தி விசயம் வந்ததும் முப்பது வருடப் படிப்பும் பறந்துபோய் மன்னார்க்காரனாகிவிட்டேன்.

4

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சி கேட்டாள். அவள் பேர்ணை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுவதும் சுவிஸ்காரரோடு பழகுகிறவள், நேராகப் பேசுவாள்.

"போன் எடுத்துச் சொல்லுங்கோவன். ஒரு நிமிசக் கதை."

"மாப்பிள்ளை வீட்டாரோட நான் வாய்குடுக்கலாமோ?"

"அவையளுக்குத் தாங்கள் மாப்பிள்ளை வீட்டார் எண்டே தெரியாதப்பா."

அது உண்மைதான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் ஒருவருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து, அதனால் இவ்வளவு நட்டப்பட்டு நிற்கிறேன். அவருக்கோ மரியாதை வந்து சேர்ந்ததே தெரியவில்லை.

சித்திரை மாதம் ஊலி கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். பெரிய கடையொன்றின் சலுகை விளம்பரம். தெற்கு இத்தாலியச் சிவப்பு. கறுப்பு லேபலில் பொன் எழுத்து, போத்தலே இரண்டு கிலோ இருக்கும். இது எப்படி, காரமான சாப்பாட்டுக்குக் கனமான வைன்தானே பொருந்தும் என்று கேட்டு, கட்டைவிரல் படம் ஒன்றும் போட்டிருந்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நான் பேருந்தில் இருந்தேன். வாய்விட்டுத் தமிழில் ஒரு சொல் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆட்டிறைச்சிக் கறியோடு அந்தச் சிவப்பைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வைனில் உள்ள துவர்ப்பும் சாராய வேகமும் எங்கள் மிளகாய்த்தூளோடு சேர்ந்தால் வாயில் நெருப்புத்தான். நண்டுக் கறியோடு குடித்தால் அதைவிட மோசம், நண்டு தகரம் போல ருசிக்கும். எங்கள் கறிக்கு வேண்டியது குளிர்ந்த, துவர்ப்பில்லாத, அடியில் ஒரு துளி இனிப்பு நிற்கிற வைன். மிளகாய்க்குப் பக்கத்தில் தேங்காய்ப்பால் என்ன செய்கிறதோ அதைத்தான் அந்த இனிப்புச் செய்கிறது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் குசினியில், என் மனைவியின் கறியை வைத்து, ஒவ்வொரு போத்தலாகத் திறந்து நான் கண்டுபிடித்தது. வைனை உறிஞ்சி, வாயில் உருட்டி, சட்டிக்குள் துப்புவேன். பார்க்க வந்த நண்பர் ஒருவர், "அன்ரன், உமக்கு விசரோ? நாங்கள் விழுங்கத்தான் வாங்கிறம்" என்றார். எங்கள் ஆட்கள் மண்டபத்துக்கு வெளியே கார் டிக்கியைத் திறந்துவைத்து விஸ்கி குடிக்கிறவர்கள். வைன் அவர்களுக்குத் தேவாலயப் பூசைக்குரியது, இல்லாவிட்டால் பெண்களுக்குரியது. அந்தப் பக்கமும் எனக்கு மதிப்பில்லை, இந்தப் பக்கமும் இல்லை.

ஊலிக்கு என்ன பதில் எழுதினேன் என்று கேட்காதீர்கள். நானும் ஒரு கட்டைவிரல் படம் போட்டேன்.

உண்மையில் என் கோபம் ஊலி மேல் இல்லை. அனுஷா மேல். அவளுக்கு என் வேலை என்னவென்று தெரியும். ஏழு வயதிலிருந்து லீவு நாட்களில் என்னோடு அந்தச் சரிவுகளுக்கு வந்தவள். திராட்சைக் குலை வெட்டியவள். அவள் ஏன் அந்த மேசையில் வாய் திறக்கவில்லை? என் அப்பாவை விடவா உங்களுக்கு வைன் தெரியும் என்று ஒரு வசனம் போதுமே. இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறாள். அப்பா என்ன செய்கிறார் என்று அவர்கள் கேட்டிருக்க மாட்டார்களா? என்ன சொல்லியிருப்பாள்? சமையலறை உதவியாள் என்றா? இங்கே பிறந்த பிள்ளைகள் எங்களைவிட்டு விலகுவது பெரிய சண்டை பிடித்து இல்லை. இப்படி ஒரு தட்டைக் குனிந்து பார்ப்பதில்தான். அந்த நினைப்பு வந்த பிறகு எனக்கு மானைக் கொடுத்தாலும் ருசிக்கவில்லை.

5

கத்ரினைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஏரிக்கரையில் லீகெர்ட்ஸ் என்ற ஊரில் திராட்சை வளர்க்கிறவர். என் வயதுதான். புருசன் இறந்த பிறகு தனியாகச் செய்கிறார். அவருடைய நிலத்தில் மேல்தட்டு ஒன்றில் சாம்பல் நிறப் பழம் பழுக்கும். அதிலிருந்து வருடத்துக்குச் சில நூறு போத்தல்தான் வரும், சில வருடம் அதுவும் இல்லை. போன வருடம் பழம் நன்றாக முற்றி, வைனில் மெல்லிய இனிப்பு தங்கிவிட்டது. தை மாதம், போத்தலில் அடைப்பதற்கு முன் பீப்பாயிலிருந்து ஒரு வாய் தந்தார். எனக்கு உடனே நண்டுக் கறி ஞாபகம் வந்தது. அனுஷாவும் யோனாஸும் கலியாணம் என்று சொல்லி அப்போது ஒரு மாதம். எழுபது போத்தல் எனக்கு ஒதுக்கி வை, என் மகளின் கலியாணத்துக்கு என்றேன். அவர் சுண்ணக்கட்டியால் வெறும் பெட்டிகளில் என் பெயரின் முதலெழுத்தை எழுதினார். இதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் செய்து கடைசியில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வைகாசி முடிவில் கத்ரின் தொலைபேசி எடுத்தார். பழைய வாடிக்கையாளர்கள் அந்த வைனைக் கேட்டு வருகிறார்கள், நிலவறையில் மிச்சம் இருப்பது என் பெட்டிகள் மட்டும்தான் என்றார். சனிக்கிழமைக்குள் எடுக்கிறேனா இல்லையா என்று ஒரு சொல் வேண்டும். "உனக்கென்றால் வைத்திருப்பேன், அன்ரன். ஆனால் வேண்டாம் என்றால் இப்போதே சொல். மற்றவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு வசதியில்லை."

செவ்வாய்க்கிழமை அது. சனிக்கிழமைக்கு நான்கு நாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். என் வாய் மட்டும் திறக்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அனுஷா வந்தாள். கையில் கலியாணச் சாப்பாட்டு அட்டையின் மாதிரி. அச்சுக்குக் கொடுக்க முதல் நாங்கள் பார்க்க வேண்டுமாம். தமிழிலும் ஜேர்மனிலும் அழகாகத்தான் செய்திருந்தாள். மீன் கட்லெட், நண்டுக் கறி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: உணவு, மணமகள் குடும்பம். வைன், மணமகன் குடும்பம்.

அதை அச்சு எழுத்தில் பார்த்ததும் எனக்குள் இருந்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. அட்டையை மேசையில் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை.

"அவையளிட்ட என்னைப் பற்றி என்ன சொல்லி வைச்சிருக்கிறாய், பிள்ளை? நான் கோப்பை கழுவிறன் எண்டோ?"

அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கிவிட்டது. கதிரையை இழுத்து இருந்தாள்.

"அப்பா, ஊலி தானாக் கேக்கேல்லை. நான்தான் அவரிட்டச் சொன்னனான், வைனை நீங்கள் எடுங்கோ எண்டு."

ரஞ்சி குசினி வாசலில் வந்து நின்றாள். நான் ஏன் என்று கேட்பதற்குள் அனுஷாவே சொன்னாள்.

"நீங்கள் எடுத்தால் அண்டைக்கு இருக்க மாட்டியள். போத்தில் திறப்பியள். கிளாஸ் பாப்பியள். மேசை மேசையாப் போவியள். ஆரும் கூப்பிட்டா ஓடுவியள். என்ர கலியாணத்தில எனக்குப் பக்கத்தில அப்பா இருக்க வேணும். சேர்விஸ் வேண்டாம்."

பிறகு ஒரு கதை சொன்னாள். அவள் உயர்தரப் பரீட்சை முடித்த வருடம், வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் எங்கள் உணவகத்துக்குச் சாப்பிட வந்தார்களாம். ஒரு பிள்ளையின் தகப்பன் என்னைப் பார்த்து இரண்டு விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டாராம். நான் சிரித்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினேனாம். அது யாருடைய அப்பா என்று அந்த மனிதருக்குத் தெரியாது, அவள் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொடுக்கு அவள் காதில் இருக்கிறதாம். என்னை ஒருவரும் விரல் சொடுக்கிக் கூப்பிடாத ஒரு நாளாவது வேண்டும், அது தன் கலியாண நாளாக இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தாளாம்.

எனக்கு அப்படியொரு சம்பவம் ஞாபகமே இல்லை. எத்தனையோ பேர் சொடுக்கியிருக்கிறார்கள். நான் அவற்றையெல்லாம் வைத்திருக்கவில்லை. எனக்காக அவள் வைத்திருந்திருக்கிறாள். ஆனால் கோபம் போகவில்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு நல்லது என்று நினைத்து, எனக்குப் பிடித்த ஒன்றை, என்னைக் கேட்காமல் எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டாள். எல்லா அதிகாரிகளும் முப்பது வருடமாக எனக்குச் செய்தது அதுதான். அவர்கள் அன்பில்லாமல் செய்தார்கள், இவள் அன்போடு செய்தாள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டால் நீங்கள் ஓம் எண்டுதானே சொல்லியிருப்பியள், அப்பா."

ரஞ்சி எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. அவள் கேட்டிருந்தால் நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். பிறகு நாலு மாதம் மனதுக்குள் புகைந்திருப்பேன்.

"இல்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"அண்டைக்கு நான் இருக்கிறன். உனக்குப் பக்கத்தில இருக்கிறன். எழும்ப மாட்டன். ஊத்திறது ஆரும் ஊத்தட்டும், அது சேர்விஸ். ஆனால் எதை ஊத்திறது எண்டு நான்தான் சொல்லுவன். அது என்ர தொழில். அதை நான் ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்க மாட்டன், உனக்கும்."

கத்ரினிடம் எழுபது போத்தல் நிற்பதையும், நாளை கடைசி நாள் என்பதையும் சொன்னேன். சுண்ணக்கட்டி எழுத்தைச் சொன்னபோது அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கைபேசியை எடுத்து, ஊலியின் இலக்கத்தை அழுத்தி, என் முன்னால் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்."

சொன்னேன். ஜேர்மன் மொழியில், சுற்றிவளைக்காமல், சொற்கள் இடறினாலும் நிறுத்தாமல் சொன்னேன். வைனை நான் தெரிவு செய்ய விரும்புகிறேன், அதுதான் என் வேலை, இருபது வருடமாக அதைத்தான் செய்கிறேன், அன்று மேசையில் ஓம் என்று சொன்னது மரியாதைக்கு என்றேன். போயிற்று, சம்பந்தி வீட்டோடு பகை என்று நினைத்தேன். பிறகு ஊலி நீளமாக ஒரு மூச்சு விட்டார். தனக்கு வைன் என்றால் ஒன்றுமே தெரியாது என்றார். ஆயுள் முழுக்கப் பியர்தான் குடித்தாராம். அனுஷா கேட்டாள் என்பதற்காக ஒப்புக்கொண்டு, மூன்று மாதமாக நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துத் தலை வெடித்ததாம். நான் அனுப்பிய கட்டைவிரல் படத்தைப் பார்த்து, கொஞ்சமாவது சரியாகச் செய்கிறேன் என்று நினைத்தாராம்.

நான் இத்தனை நாள் கோபப்பட்டுக்கொண்டிருந்த ஆள் இவர்தான்.

பிறகு அவர், அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், அட்டையில் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார். நீங்கள் அனுஷாவுக்குப் பக்கத்தில் இருங்கள். எனக்கு இரண்டு கை இருக்கிறது. எந்தச் சாப்பாட்டுக்கு எது என்று எழுதித் தாருங்கள், மேசை மேசையாகப் போய் நான் ஊற்றுகிறேன், சரியா?

மாப்பிள்ளையின் தகப்பன் பந்தியில் நின்று பரிமாற, பெண்ணைப் பெற்றவன் இருந்து குடிப்பதா? எங்கள் பக்கத்தில் கேட்டால் காறித் துப்புவார்கள். ஐயோ, அது கூடாது, நீங்கள் இருங்கள் என்று சொல்வதுதான் முறை. ரஞ்சி தலையை அசைத்து அசைத்து வேண்டாம் என்று சைகை காட்டினாள். எத்தனை சுவிஸ்காரரோடு பழகினாலும் அந்த இடத்தில் அவளும் மன்னார்க்காரிதான். அனுஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஊலி" என்றேன். "நீங்கள் ஊற்றுங்கள்."